கறந்த பாலா, பாக்கெட் பாலா, பாட்டில் பாலா: சென்னை வீடுகளுக்கான ஓர் ஒப்பீடு

குரோம்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். ஐந்து மாதக் கர்ப்பிணி. அவருடைய மாமியார் தெருக்கோடியில் மாடு வைத்திருப்பவரிடம் தினமும் ஒரு லிட்டர் கறந்த பால் வாங்குகிறார். கணவரோ, கைபேசிச் செயலியில் பதிவு செய்தால் வாசலுக்கே வந்துசேரும் கண்ணாடி பாட்டில் பண்ணைப் பாலுக்கு மாறிவிடலாம் என்கிறார். வாசகிக்குப் பிறந்த வீட்டில் பழகிய பாக்கெட் பாலே போதும் என்று தோன்றுகிறது. "அத்தை மனமும் நோகக் கூடாது, வயிற்றுப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகக் கூடாது, எதை வாங்குவது?" என்பது அவர் கேள்வி. பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள வீடுகளிலிருந்தும், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்களிடமிருந்தும் இதே கேள்வி வெவ்வேறு உருவில் வந்துகொண்டே இருப்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பச்சைப் பால் நல்லதா கெட்டதா என்று வெளிநாடுகளில் நடக்கும் விவாதத்தை அப்படியே எடுத்துவந்து நம் வீட்டு அடுப்பங்கரையில் வைத்தால் பொருந்தாது. அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் பச்சைப் பாலைக் குடிப்பதற்காக விற்பது 1987 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஸ்காட்லாந்தில் 1983 முதல் விற்பனையே கிடையாது. அங்கே விவாதம், பாலைச் சூடே காட்டாமல் குடிப்பவர்களைப் பற்றியது. நம் வீடுகளில் எந்தப் பால் வந்தாலும் முதல் வேலையாக அடுப்பில் ஏறிவிடுகிறது. ஆகவே நாம் கேட்க வேண்டியது வேறு: மடியிலிருந்து அடுப்புக்கு வரும் வழியில் அந்தப் பாலுக்கு என்ன நடந்தது, அதற்கு யார் பொறுப்பு, அடுப்பால் சரிசெய்ய முடியாத குறை ஏதும் அதில் இருக்கிறதா, அடுப்புக்குப் போகாமலே வாய்க்குப் போகும் பால் வீட்டில் எங்கெங்கே இருக்கிறது?

எதை வைத்து எடைபோடுவது

ஐந்து அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன். கிருமி முதலாவது. சூட்டுக்கு மசியாத கலப்பும் நச்சும் இரண்டாவது. கறந்த நேரத்துக்கும் காய்ச்சும் நேரத்துக்கும் இடையிலான இடைவெளியும், அந்த இடைவெளியில் பால் இருந்த குளிர்ச்சியும் மூன்றாவது. சென்னையின் வெயிலில் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிப்பது இதுதான் என்பது என் கருத்து. ஏதாவது தவறு நேர்ந்தால் யாரைப் பிடித்துக் கேட்பது என்ற பொறுப்பு நான்காவது. சத்து, சுவை, விலை ஆகிய மூன்றையும் சேர்த்து ஐந்தாவதாக வைக்கிறேன். பலர் இந்த ஐந்தாவதிலிருந்து தொடங்கி அங்கேயே முடித்துவிடுவதால்தான் குழப்பம் வருகிறது.

சூடு என்ன செய்யும், என்ன செய்யாது

பாஸ்டரைஸ் செய்வது என்றால் பாலைக் கொதிக்கவைப்பது என்று பொருளில்லை. 63 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி பாலை நிறுத்தி, உடனடியாக 4 டிகிரிக்குக் குளிர்விக்கும் முறைக்குத்தான் அந்தப் பெயர். பெரிய பால் பண்ணைகளில் நடப்பது இரண்டாவது முறை. காசநோய்க் கிருமியும், கியூ காய்ச்சலை உண்டாக்கும் காக்ஸியெல்லா என்னும் கிருமியும் செத்துப்போக வேண்டும் என்பதையே குறியாகக் கொண்டு இந்த வெப்பமும் நேரமும் வகுக்கப்பட்டன. பாலில் இயற்கையாகவே உள்ள பாஸ்படேஸ் என்னும் நொதி ஏறக்குறைய இதே சூட்டில் அழிந்துவிடுவதால், பண்ணை ஆய்வகத்தில் அந்த நொதி மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்தே சூடு சரியாகக் காட்டப்பட்டதா, இடையில் பச்சைப் பால் ஏதும் கலந்துவிட்டதா என்பதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

நம் வீட்டு அடுப்பு இதைவிட அதிகச் சூடு தருகிறது. பால் பொங்கி மேலே வந்ததும் தணலைக் குறைத்து, கரண்டியால் அடிவரை கிளறியபடி இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டால், பாஸ்டரைஸ் செய்வதால் சாகும் கிருமிகள் அனைத்தும் வீட்டிலேயே செத்துவிடும். மாடுகளில் கருச்சிதைவு நோயை உண்டாக்கி, மனிதர்களுக்கு வாரக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சலையும் மூட்டு வலியையும் தரும் புரூசெல்லா, கர்ப்பிணிகளுக்குக் கருவையே பாதிக்கும் லிஸ்டீரியா, பேதியை உண்டாக்கும் சால்மொனெல்லா, ஈ. கோலி எல்லாம் இதில் அடங்கும். அமெரிக்கக் கறவை மாடுகளில் 2024-இல் பறவைக் காய்ச்சல் பரவியபோதும், பச்சைப் பாலில் அந்த வைரஸ் மிகுதியாகக் காணப்பட்டது. பாஸ்டரைஸ் செய்த பாலில் அது செயலிழந்திருந்தது.

ஆனால் சூட்டுக்கு மசியாதவையும் உண்டு. சில பாக்டீரியாக்களின் வித்துகள் கொதியிலும் பிழைத்து, பிறகு பால் வெதுவெதுப்பாக அடுப்பு மேடையில் கிடக்கும்போது முளைத்துப் பெருகும். மடிநோய் கண்ட மாட்டிலிருந்தோ கறப்பவரின் கைப்புண்ணிலிருந்தோ வரும் ஸ்டைபிலோகாக்கஸ், வெயிலில் நின்ற பாலில் ஏற்கெனவே நச்சைக் கக்கியிருந்தால், காய்ச்சும்போது கிருமி சாகும், நச்சு அப்படியே இருக்கும். மாட்டுக்குப் போட்ட ஆன்டிபயாட்டிக் ஊசியின் எச்சமும், கலந்த யூரியாவும் சோப்புத்தூளும் அடுப்பில் ஆவியாகிப் போவதில்லை.

இவற்றுள் நம் மாநிலத்தவர் தனியாகக் கவனிக்க வேண்டியது அஃப்ளாடாக்சின். ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கையோ மக்காச்சோளத்தையோ மாடு தின்றால், பூஞ்சையின் நச்சு அதன் ஈரலில் உருமாறிப் பாலில் இறங்குகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் நாடு முழுவதும் 1,103 நகரங்களில் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. பாலைக் குடிக்கத் தகாததாக்கும் கலப்படம் வெறும் 12 மாதிரிகளில்தான் இருந்தது. ஆனால் அனுமதித்த அளவுக்கு மேல் அஃப்ளாடாக்சின் எம்1, அதாவது பாலில் இறங்கும் அந்த உருமாறிய நச்சு, இருந்த மாதிரிகள் 368. அவற்றில் தமிழ்நாட்டின் பங்கு, எடுத்த 551 மாதிரிகளில் 88, நாட்டிலேயே அதிகம். அதுவும் பச்சைப் பாலைவிடப் பதப்படுத்திய பாலில் கூடுதலாகக் காணப்பட்டது. பாக்கெட்டில் வந்துவிட்டாலே எல்லாம் சரி என்று நினைப்பவர்களும், மாட்டிலிருந்து நேரே வருவதால் எந்தக் குறையும் இருக்காது என்று நம்புபவர்களும் இந்த எண்களை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். இதைச் சரிசெய்யும் இடம் மாட்டின் தீவனத் தொட்டிதான். பண்ணை இயந்திரமோ வீட்டு அடுப்போ அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை.

கறந்த பால்

நான் வளர்ந்தது திருவல்லிக்கேணியில். விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சந்துக்குள் மாட்டைக் கட்டிவைத்து, கன்றை ஊட்டவிட்டு, மடி சுரந்ததும் கன்றை விலக்கிக் கறக்கும் காட்சி எனக்கு மனப்பாடம். "கண்ணெதிரே கறந்து தர்றேன்மா, இதைவிட சுத்தம் வேற என்ன வேணும்?" என்று பால்காரர் அம்மாவிடம் சொல்வார். அவர் சொன்னதில் பொய் இல்லை. தண்ணீர் கலக்காத பால்தான். ஆனால் நான் பார்த்த இன்னொன்றும் உண்டு. அவர் தோளில் கிடந்த துண்டு ஒன்றுதான். அதாலேயே மடியைத் துடைப்பார், அதாலேயே கையைத் துடைப்பார், கடைசியில் தூக்கின் உட்புறத்தையும் அதாலேயே ஒரு சுற்றுச் சுற்றுவார். அந்த மாடு பகலெல்லாம் தெருவில் திரிந்து குப்பைத் தொட்டியில் வாய் வைப்பதையும் பள்ளி விட்டு வரும்போது பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. இப்போது கறந்த பால் என்ற சொல்லைக் கேட்டாலே அந்தத் துண்டுதான் நினைவுக்கு வருகிறது.

இருந்தாலும் நியாயமாக எடைபோட வேண்டும். வீட்டுக்கு அருகில் கறந்து, அரை மணி நேரத்துக்குள் அடுப்பில் ஏறி, நன்றாகக் கொதித்த பாலில் நோய்க்கிருமி பற்றிய கவலை மிகக் குறைவு. மடியிலிருந்து வரும் பால் மாட்டின் உடல் சூட்டிலேயே இருப்பதும், அந்தச் சூடு கிருமிகள் பெருக மிகவும் வசதியானது என்பதும் உண்மைதான். ஆனால் புதிதாகக் கறந்த பாலில் உள்ள இயற்கைத் தடுப்புப் பொருள்கள் சிறிது நேரம் அவற்றைக் கட்டுப்படுத்துகின்றன. இதற்கு நேர்மாறானது, திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு சக்கர வண்டியில் கேன்களைக் கட்டிக்கொண்டு, மூன்று நான்கு மணி நேரம் வெயிலில் வந்து, பல மாடுகளின் பாலையும் ஒன்றாகக் கலந்து ஊற்றப்படும் பால். இரண்டையும் நாம் கறந்த பால் என்றே அழைக்கிறோம். ஐஸ் கட்டி போட்டுக் கொண்டுவந்தால், அது கரைந்த தண்ணீரும் பாலோடு சேர்ந்துவிடுகிறது. பாலில் தண்ணீர் கலந்து விற்பது சட்டப்படியே தடை செய்யப்பட்டது. அது நல்ல தண்ணீரா இல்லையா என்பது அடுத்த கேள்வி.

மறைந்திருக்கும் செலவுகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். உழக்கின் நுரையில் குறையும் அளவு, கூடுதலாக எரியும் எரிவாயு, மாடு வற்றும் மாதங்களில் வேறு எங்கிருந்தோ வாங்கி ஊற்றப்படும் பால், மாட்டுக்கு ஊசி போட்ட நாட்களிலும் நிற்காமல் வரும் பால். மடிநோய்க்கு மருந்து கொடுத்தால் மருந்தின் தன்மைக்கேற்பச் சில நாட்கள் அந்தப் பாலை விற்கக் கூடாது. உங்கள் பால்காரர் அதைச் செய்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். வருடக் கணக்காகப் பழகியவர் என்றால் உண்மையைச் சொல்லிவிடுவார். கன்றாக இருந்தபோது புரூசெல்லா தடுப்பூசி போட்டார்களா என்றும் கேளுங்கள். 2019-இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தின்கீழ் நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு அந்த ஊசி போடப்படுகிறது.

வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளில், பாலின் அடர்த்தியை அளக்கும் லாக்டோமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். தண்ணீர் சேர்த்துவிட்டுச் சர்க்கரையோ உப்போ போட்டால் அளவு மறுபடி ஏறிவிடும். ஸ்டார்ச் கலந்திருக்கிறதா என்று பார்க்க, காய்ச்சி ஆறவைத்த சிறிது பாலில் இரண்டு மூன்று துளி டிஞ்சர் அயோடின் விட்டால் போதும். நீலமானால் கலப்பு உண்டு. யூரியாவுக்கு, ஒரு தேக்கரண்டிப் பாலில் அரைத் தேக்கரண்டி துவரம்பருப்புப் பொடியைக் கலந்து ஐந்து நிமிடம் வைத்து, அதில் சிவப்பு லிட்மஸ் தாளை அரை நிமிடம் நனைக்க வேண்டும். தாள் நீலமாக மாறினால் அந்தப் பால் வேண்டாம்.

பாக்கெட் பால்

மாதவரம், அம்பத்தூர், சோழிங்கநல்லூர் பண்ணைகளிலிருந்து வரும் ஆவின் பாலும், தனியார் நிறுவனங்களின் பாலும்தான் சென்னையின் பெரும்பாலான வீடுகளுக்குக் காலைக் காப்பி. இதன் முதல் பலம், பாஸ்டரைஸ் செய்து குளிரூட்டப்பட்டிருப்பது. இரண்டாவது பலம், உறையின் மேல் 14 இலக்க உரிம எண்ணும், தேதியும், கொழுப்பின் அளவும் அச்சாகியிருப்பதால், புகார் சொல்ல ஒரு முகவரி இருப்பது. நீல நிறச் சமன்படுத்திய பாலில் 3 சதவீதக் கொழுப்பும், பச்சை நிற நிலைப்படுத்திய பாலில் 4.5 சதவீதமும், ஆரஞ்சு நிற நிறைகொழுப்புப் பாலில் 6 சதவீதமும் இருக்க வேண்டும். இப்படி எழுதி ஒப்புக்கொண்ட அளவு குறைந்தால் அது தரக்குறைவான உணவு. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டப்படி 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும்.

"பாக்கெட் பால் எல்லாம் பவுடர் பால்தானே" என்று பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. சமன்படுத்திய பாலில் கொழுப்பையும் மற்றத் திடப்பொருளையும் குறித்த அளவுக்குக் கொண்டுவரக் கொழுப்பு நீக்கிய பாலோ பால் பவுடரோ சேர்க்கப்படலாம். விதிகள் அதை அனுமதிக்கின்றன. அதனால் அது கெட்ட பால் ஆகிவிடுவதில்லை, கறந்த பாலின் ருசி அதில் இருக்காது, அவ்வளவுதான். சத்தைப் பொறுத்தவரை, கால்சியமும் புரதமும் பாஸ்டரைஸ் செய்வதால் குறிப்பிடும்படி மாறுவதில்லை. வைட்டமின் சி, பி வகைகளில் சில ஆகியவை கொஞ்சம் குறைகின்றன. வீட்டில் இரண்டு மூன்று முறை காய்ச்சும்போது குறைவது அதைவிட அதிகம். உறையில் 'பிளஸ் எஃப்' முத்திரை இருந்தால் வைட்டமின் ஏ-யும் டி-யும் சேர்க்கப்பட்டிருக்கின்றன என்று பொருள்.

இதன் பலவீனம் பண்ணை வாசலைத் தாண்டியபின் தொடங்குகிறது. அதிகாலையில் லாரியிலிருந்து இறக்கப்படும் டப்புகள் கடை திறக்கும்வரை நடைபாதையில் நிற்கின்றன. மார்கழியில் பரவாயில்லை, சித்திரையில் ஆறரை மணிக்கே வெயில் ஏறிவிடும். வாங்கும்போது பாக்கெட்டைக் கையில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி விரலில் உறைக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, மூலையில் பிசுபிசுத்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மாலையில் வாங்குபவர்கள் கடைக்காரரின் குளிர்பெட்டி உண்மையிலேயே ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். இரவில் மின்செலவை மிச்சப்படுத்த அணைத்துவிடும் கடைகள் உண்டு. 'கூலிங் சார்ஜ்' என்று அச்சிட்ட விலைக்கு மேல் கேட்பது சட்டவிரோதம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தினமும் ஒன்றிரண்டு ரூபாய்தானே என்று விட்டுவிட்டால், மாத முடிவில் அது ஒரு பாக்கெட் பாலின் விலையைத் தொட்டுவிடுகிறது.

பாக்கெட் பாலையும் காய்ச்ச வேண்டுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். பண்ணையிலிருந்து வீட்டுக் குளிர்பெட்டிவரை குளிர்ச்சி ஒருமுறைகூட அறுபடவில்லை என்றால் தேவையில்லை. நம் கடைவீதியில் அதற்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது. அதனால் பாக்கெட்டின் வெளிப்புறத்தைக் கழுவி, வெட்டி, ஒருமுறை மட்டும் பொங்கும்வரை காய்ச்சுங்கள்.

பாட்டில் பண்ணைப் பால்

இப்போது நகரில் வேகமாகப் பரவிவரும் வகை இது. கண்ணாடி பாட்டில், நாட்டு மாடு, ஏ2, பதப்படுத்தாதது, மனிதக் கை படாதது என்ற சொற்களோடு வருகிறது. விலை பெரும்பாலும் பாக்கெட் பாலின் இரு மடங்கை ஒட்டியிருக்கிறது. இதற்குள் இரு வேறு பொருள்கள் இருக்கின்றன. சில பண்ணைகள் பாஸ்டரைஸ் செய்து பாட்டிலில் அடைக்கின்றன. அவை வேறு உடை போட்ட பாக்கெட் பாலே. மற்றவை குளிரூட்டிய பச்சைப் பால். லேபிளைப் படிக்காமல் இரண்டையும் வேறுபடுத்த முடியாது.

ஏ2 என்பது பீட்டா கேசீன் என்னும் புரதத்தின் ஒரு வகையைக் குறிக்கிறது. நாட்டு மாடுகளிலும் எருமைகளிலும் பெரும்பாலும் அந்த வகையே இருக்கிறது. கிருமிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்ட் 21 அன்று பால் பொருள்களின் லேபிளில் ஏ1, ஏ2 என்று போடுவதை நீக்கச் சொல்லி அறிவுறுத்தியது. ஐந்தே நாளில், ஆகஸ்ட் 26 அன்று, அந்த அறிவுறுத்தலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே அந்த இரண்டெழுத்து இன்றும் பாட்டிலில் இருக்கலாம். பாதுகாப்புக்கான சான்றாக மட்டும் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு மாதம் இப்படி ஒரு பாலை வரவழைத்தோம். ஆறு மணிக்குள் வரும் என்றார்கள். பல நாட்கள் ஏழேகால் ஆகிவிடும். ஒரு மே மாதக் காலையில் பாட்டில் வேர்த்தும் இருக்கவில்லை, தொட்டால் சில்லென்றும் இருக்கவில்லை. அடுப்பில் வைத்து, சூடேறத் தொடங்கியதுமே பாத்திரத்தின் ஓரத்தில் சிறு சிறு மணிகளாகத் திரண்டு, கண் முன்னே திரிந்துவிட்டது. தொலைபேசியில் கேட்டபோது, "கலப்படமில்லாத பால் அப்படித்தாங்க திரியும்" என்று பதில் வந்தது. அது தவறான பதில். காய்ச்சும்போது பால் திரிவது, கிருமிகள் ஏற்கெனவே பெருகி அதைப் புளிக்கவைத்துவிட்டதற்கான அடையாளம். பால் பண்ணைகளில், திரிகிறதா என்று காய்ச்சிப் பார்ப்பதே வரும் பாலை நிராகரிக்கும் முதல் சோதனைகளுள் ஒன்று. ஒரு லிட்டர் பாலின் விலையைவிட, அந்தப் பதிலை நம்பி எத்தனை வீடுகள் திரிந்த பாலைத் தூய்மைக்குச் சான்றாக எண்ணியிருக்கும் என்பதே என்னை அதிகம் வருத்தியது.

இந்த வகையின் அடிப்படைச் சிக்கல் விலையில் இருக்கிறது. சூடு காட்டாத பால் என்பதற்காக இரு மடங்கு கொடுத்து வாங்குகிறோம். வாங்கியதும் நாமே காய்ச்சிவிடுகிறோம். அப்படியானால் அந்தக் கூடுதல் பணம் எதற்குப் போனது? நல்ல தீவனத்துக்கும், நோயற்ற மாட்டுக்கும், அறுபடாத குளிர்ச்சிக்கும் போயிருந்தால் கொடுத்தது தகும். அதை அறிய நான்கு கேள்விகள் கேளுங்கள்: கறந்தது எத்தனை மணிக்கு, 4 டிகிரிக்குக் குளிர்வித்தது எத்தனை மணிக்கு, அஃப்ளாடாக்சினுக்கும் ஆன்டிபயாட்டிக்குக்கும் கடைசியாகச் சோதித்த அறிக்கை எங்கே, பாட்டிலின் மேல் 14 இலக்க எண் இருக்கிறதா? அறிக்கையைத் தயங்காமல் அனுப்பிவைக்கும் பண்ணைகளும் உண்டு. அப்படி ஒன்று கிடைத்து, செலவும் கட்டுப்படியானால் தாராளமாக வாங்கலாம், காய்ச்சிக் குடிக்கலாம்.

அட்டைப்பெட்டிப் பால்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 135 டிகிரிக்கு மேல் ஒரு விநாடியோ சற்றுக் கூடுதலாகவோ சூடாக்கி, கிருமியற்ற பெட்டியில் அடைத்துவிடுவதால், பிரிக்காதவரை குளிர்பெட்டி இல்லாமலே மாதக்கணக்கில் இருக்கும். வித்துகளும் அழிந்துவிடுகின்றன. லேசான காய்ச்சிய வாசனை இருக்கும். தயிர் உறையும், ஆனால் கறந்த பாலின் கெட்டி வராது. பிரித்துவிட்டால் மற்றப் பாலைப் போலத்தான், குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும். இதன் மீது இருந்த 5 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு பால் கிடைக்காமல் நகரம் பட்ட பாட்டை நினைத்தால், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கைக்குழந்தையோ முதியவரோ உள்ள வீட்டில் நான்கைந்து பெட்டிகளை வாங்கி வைப்பது அவசியம் என்றே சொல்வேன்.

| | கறந்த பால் | பாக்கெட் பால் | பாட்டில் பண்ணைப் பால் (பதப்படுத்தாதது) | அட்டைப்பெட்டிப் பால் |
|---|---|---|---|---|
| காய்ச்சுவதற்கு முன் கிருமி ஆபத்து | அதிகம் | குறைவு, குளிர்ச்சி அறுபடாவிட்டால் | அதிகம் | பிரிக்கும்வரை இல்லை |
| சூட்டுக்கு மசியாத நச்சு | தீவனத்தையும் மருந்தையும் பொறுத்தது | தீவனத்தையும் சோதனையையும் பொறுத்தது | அறிக்கை இருந்தால் தெரியும் | பாக்கெட் பாலைப் போலவே |
| எங்கே கோட்டைவிடுகிறோம் | கறக்கும் கை, வெயிலில் பயணம் | கடை வாசல், கடைக் குளிர்பெட்டி | தாமதமான விநியோகம் | பிரித்தபின் மறந்துவிடுதல் |
| புகாருக்கு வழி | பதிவு இருந்தால் மட்டுமே எளிது | உறையிலேயே உண்டு | எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் | பெட்டியிலேயே உண்டு |
| மறைந்த செலவு | அளவு, எரிவாயு, மாடு வற்றும் மாதங்கள் | கூலிங் சார்ஜ், பிளாஸ்டிக் | விலை, திரிந்துபோகும் நாட்கள் | ருசி, குப்பை |

சட்டம் எங்கே நிற்கிறது

நம் நாட்டில் பச்சைப் பால் விற்பதற்குத் தடை இல்லை. ஆனால் விற்பவர் சிறியவரானால் பதிவும், பெரியவரானால் உரிமமும் பெற்றிருக்க வேண்டும். கூட்டுறவுப் பால் சங்கத்தில் உறுப்பினராக இருந்து, கறந்த பால் முழுவதையும் சங்கத்துக்கே ஊற்றுபவருக்கு மட்டும் விலக்கு உண்டு. வீடு வீடாக ஊற்றுபவருக்கு அந்த விலக்குப் பொருந்தாது. இதைப் பால்காரரை மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. பதிவு எளிதானது, அவருக்கும் அது ஒரு பாதுகாப்பு என்று எடுத்துச் சொன்னால் பலர் செய்துகொள்கிறார்கள். சந்தேகம் வலுத்தால், வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் மாதிரியைச் சோதிக்கக் கொடுக்கலாம் என்று உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு இடமளிக்கிறது. சென்னையில் அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் கிண்டி கிங் நிலைய வளாகத்தில் இருக்கிறது.

தயிர், வெண்ணெய், பன்னீர், சீஸ்

காய்ச்சிய பாலில் உறை ஊற்றிய தயிரும், அந்தத் தயிரைக் கடைந்த வெண்ணெயும் கவலை தராதவை. பச்சைப் பாலின் ஏட்டைச் சேர்த்து எடுத்த வெண்ணெய் அப்படியில்லை. அதை உருக்கி நெய்யாக்கிப் பயன்படுத்துங்கள். பன்னீர் செய்யும்போதே பால் நன்றாகச் சூடாகிவிடுவதால், ஆபத்து பிறகு தண்ணீரிலும் கையிலும்தான் வருகிறது. வெளியே திறந்து வைத்து விற்கும் பன்னீரைத் தவிர்ப்பது நல்லது. பெரிய கடைகளில் கிடைக்கும் வெளிநாட்டு மென்மையான சீஸ்களில் சில பச்சைப் பாலில் செய்தவை. லிஸ்டீரியா குளிர்பெட்டியிலும் வளரக்கூடியது என்பதால் கர்ப்பிணிகள் அவற்றைத் தொட வேண்டாம். சீம்பாலை வேகவைக்கும்போது நடுப்பகுதிவரை வெந்திருக்கிறதா என்று குத்திப் பார்க்க வேண்டும்.

அடுப்புக்குப் போகாத பால் என்று தொடக்கத்தில் குறிப்பிட்டது பெரும்பாலும் பூஜையறையில் இருக்கிறது. அபிஷேகம் செய்த பச்சைப் பாலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு வாய் குடிப்பது நம் வழக்கம். வீட்டில் அபிஷேகம் செய்தால் காய்ச்சி ஆறவைத்த பாலைப் பயன்படுத்தலாமா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்; வழக்கம் இடம் தராவிட்டால், பிரசாதத்தைக் காய்ச்சியபின் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் கொடுங்கள்.

யாருக்கு எது

வீட்டருகே மாடு, தெரிந்த பால்காரர், கறந்த அரை மணி நேரத்தில் காய்ச்சும் பழக்கம், வீட்டில் அனைவரும் நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்கள் என்றால் கறந்த பாலை விட வேண்டிய காரணம் எதுவும் இல்லை. தயிருக்கும் நெய்க்கும் அதற்கு ஈடு கிடையாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். காலையில் எழுந்து பாலுக்காகக் காத்திருக்க முடியாமல் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்குப் பாக்கெட் பால். சிறுநீரக மாற்று அறுவைக்குப் பிறகு மருந்து உண்பவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், மிக முதியவர் ஆகியோருக்குப் பாக்கெட் அல்லது அட்டைப்பெட்டிப் பால். இவர்களுக்காகப் பச்சைப் பால் வீட்டுக்குள் வருவதையே நான் விரும்ப மாட்டேன். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் தாய்ப்பாலின் இடத்தில் எந்த மாட்டுப் பாலையும் வைக்க வேண்டாம் என்பதே குழந்தை மருத்துவர்கள் சொல்வது.

குரோம்பேட்டை வாசகிக்கு: உங்களுக்குப் பாக்கெட் பால்தான் என் தேர்வு, பிரசவம் முடியும்வரை. அத்தையின் பால் வீட்டுக் காப்பிக்கும் தயிருக்கும் தொடரட்டும். அவர் காய்ச்சும் விதத்தில் குறை இருப்பதாக நான் கருதவில்லை. என் பயம் காய்ச்சுவதற்கு முன் அது தொடும் இடங்களைப் பற்றியது: பச்சைப் பாலை வாங்கும் தூக்கு, அளக்கும் டம்ளர், மேடையில் சிந்தியதைத் துடைக்கும் துணி. தூக்கைத் தனியாக வைத்துக் கொதிநீர் ஊற்றிக் கழுவச் சொல்லுங்கள், அந்தத் துணியை வேறெதற்கும் எடுக்காதீர்கள், பச்சைப் பால் தொட்ட கரண்டி காய்ச்சிய பாலுக்குள் போக வேண்டாம். காய்ச்சிய பாலை அகலமான தட்டில் குளிர்ந்த நீர் விட்டு, அதற்குள் பாத்திரத்தை வைத்து ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். வெயில் காலத்தில் அந்தத் தட்டு நீரை ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.